காவலரின் கோலும் கணக்குக் கொடுக்கும் கடமையும் - ஓர் அறவியல் நோக்கு

மனிதன் கூடிவாழத் தலைப்பட்ட காலந்தொட்டு, வலியோனிடமிருந்து மெலியோனைக் காப்பது எவ்வாறு என்னும் வினா அவனை எதிர்கொண்டு வந்திருக்கின்றது. அவ்வினாவிற்கு அவன் கண்ட விடைகளுள் தலையாயது அரசு. ஒவ்வொருவரும் தத்தம் கையிலிருந்த தடியைப் பொதுவில் ஒப்படைத்துவிட்டு, எல்லோர் சார்பிலும் அதனை ஏந்துமாறு சிலரை நியமித்தனர் எனக் கற்பனை செய்து கொள்ளலாம். முறையான பலப்பிரயோகத்தின் உரிமையைத் தனக்கே உரியதாக்கிக் கொள்வதே அரசின் இலக்கணம் என ஜேர்மானியச் சமூகவியலறிஞர் மக்ஸ் வெபர் 1919 இல் எடுத்துரைத்தார். இவ்விலக்கணம் பொருந்துமாயின் அதனின்றும் பிறிதொரு வினா கிளைக்கின்றது. பொதுத்தடியை ஏந்தியவனே அதனைத் தவறாக ஓங்கினால் முறையீடு யாரிடம்? அடிபட்டவன் கையில் தடி இல்லை. அதனை அவன் முன்னரே கொடுத்துவிட்டான். அவனிடம் எஞ்சியிருப்பது கேள்வி கேட்கும் உரிமை ஒன்றே. பொலிசாரின் மிதமிஞ்சிய பலப்பிரயோகம் பற்றிய குற்றச்சாட்டுகள் எழும்போது, அவ்வுரிமைக்கு விடைகூறும் கடமை யாருடையது, அது எத்தகையது என்பவற்றை நம் நாட்டு நிகழ்ச்சிகள் சிலவற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா மேல்நாட்டிலிருந்து வந்ததொன்றன்று. சிலப்பதிகாரத்தின் நடுநாயகமாக அமைந்திருப்பது, விசாரணையின்றி ஒருவன் காவலரால் கொல்லப்பட்ட நிகழ்ச்சியே. கோவலனின் கொலையில் மூவரின் பங்கு உண்டு. பொய் கூறியவன் பொற்கொல்லன். ஆராயாது ஆணையிட்டவன் பாண்டியன். வாளை வீசியவன் குடிவெறியிலிருந்த காவலன் ஒருவன். இவர்கள் மூவரையும் நாம் நன்கறிவோம். ஆனால், இவன் தோற்றத்தால் கள்வன் அல்லன் என ஐயுற்றுத் தயங்கிய காவலரும் அங்கு நின்றனர் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். அவர்களது ஐயம் வழக்காக எழுவதற்கு முன்பே வாள் வீழ்ந்துவிட்டது. பின்னர் கண்ணகி அரண்மனை வாயிலில் நின்று கேட்டது நட்டஈடு அன்று. பழிக்குப் பழியும் முதலில் அன்று. தன் கணவன் கள்வன் அல்லன் என்னும் உண்மை அவையிலே நிறுவப்படல் வேண்டும் என்பதையே அவள் முதலிற் கேட்டாள். பாண்டியன் தன் காவலன்மீதோ பொற்கொல்லன்மீதோ குற்றத்தைச் சுமத்தித் தப்பிக்கொள்ளவில்லை. கோல் தன்னுடையது, ஆகவே கோட்டமும் தன்னுடையது என ஏற்றுக்கொண்டான்.

இதனையொத்த பிறிதொரு மரபும் நம் தீவிற்கு உரியது. அனுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறுமிடத்து, அவனது ஆராய்ச்சி மணியையும், கன்றின்மீது தேரோட்டிய தன் மைந்தனுக்கே அவன் தண்டம் விதித்தமையையும் பதிவு செய்கின்றது. வேற்றினத்து வேற்றுமதத்து மன்னனாகிய ஒருவனை, அவனை வென்றவன் புகழ்பாடும் நூலே இவ்வாறு போற்றுகின்றது. தன்னவரையும் கணக்கிற்கு உட்படுத்துபவனே ஆளத் தகுந்தவன் என்னும் கருத்து இந்நாட்டில் எந்தவோர் இனத்திற்கும் தனியுடைமை அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, பலப்பிரயோகத்தின் நியாயம் எது என்பதை நோக்குவோம். காவலர் ஒருவர் பலத்தைப் பயன்படுத்தும் சந்தர்ப்பங்களை மூவகையாகப் பிரிக்கலாம். நிகழ்ந்து கொண்டிருக்கும் தீங்கைத் தடுப்பதற்கும் தப்பியோடுபவனைப் பிடிப்பதற்கும் பயன்படுத்துவது முதலாவது. குற்றவாளியெனத் தாம் கருதுபவனுக்குத் தாமே தண்டனை வழங்குவது இரண்டாவது. வாக்குமூலம் பெறுவதற்காகத் துன்புறுத்துவது மூன்றாவது. இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே நியாயம் உண்டு. அதுவும் தேவை, அளவு என்னும் இரு எல்லைகளுக்கு உட்பட்டது. தண்டனை நீதிமன்றத்தின் பணியாதலின் இரண்டாவது அதிகாரத் திருட்டாகும். மூன்றாவது அதனினும் கொடிது. ஏனெனில் அது மனிதனின் உடலை அவனது மனத்திற்கு எதிரான கருவியாக்குகின்றது. அவன் கூறுவது உண்மையா பொய்யா என்பதனைக் கூட அறியவியலாத நிலைக்கு விசாரணையைக் கொண்டுவந்து விடுகின்றது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை சித்திரவதையையும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகையையும் தடைசெய்கின்றது. பேச்சுரிமை முதலிய ஏனைய உரிமைகள் பலவற்றைத் தேசியப் பாதுகாப்பின் பெயராற் கட்டுப்படுத்தலாம். இவ்வுரிமைக்கு அத்தகைய கட்டுப்பாடு எதுவுமில்லை. பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் இன்றி அதனை மாற்றவும் இயலாது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதைக்கு ஏழாண்டுக்குக் குறையாததும் பத்தாண்டுக்கு மேற்படாததுமான சிறைத்தண்டனையை விதித்ததோடு, போரோ அவசரகால நிலையோ மேலதிகாரியின் கட்டளையோ அதற்குச் சாட்டாகமாட்டா எனவும் கூறிற்று. பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளிக்கப்படும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாது என்பது நமது சான்றுக் கட்டளைச்சட்டத்தின் பழைய விதி. அடித்துப் பெற்ற சொல் எவ்வளவு பெறுமதியற்றது என்பதை அறிந்தோர் வகுத்த விதி அது. ஆனால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாதோர் முன்னிலையில் அளிக்கப்படும் ஒப்புதலைச் சான்றாக ஏற்க இடமளித்து, அது அச்சுறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் சுமையைச் சந்தேகநபர்மீதே ஏற்றியது. ஒரு கையால் மூடிய கதவை மறு கையால் திறந்த செயல் இது. எனவே நம்மிடம் குறைவது விதிகள் மட்டுமல்ல. விதியை மீறியவரை அதன் முன் நிறுத்தும் மன உறுதியே பெரிதும் குறைவு. இதனை மூன்று காலத்து நிகழ்ச்சிகள் காட்டும்.

1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவாக, 10 ஆம் திகதி இரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன்றலிற் பொதுக்கூட்டம் நடைபெற்றது. அறிஞர் உரையைக் கேட்டுப் பெருந்திரளான மக்கள் அமர்ந்திருந்தபோது பொலிசார் கூட்டத்தினுட் புகுந்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கிகள் மேல்நோக்கிச் சுடப்பட்டன, மின்கம்பி அறுந்து வீழ்ந்து அதில் அகப்பட்டோர் மாண்டனர். ஒன்பதுபேர் உயிரிழந்தனர் என்பது பெரும்பாலோர் கூறும் கணக்கு. இங்கு அறவியல் மாணவன் ஒருவன் ஒரு வினாவைச் சந்திக்கின்றான். சுட்டவர் எவரையும் குறிவைக்கவில்லை. கொன்றது குண்டன்று, மின்சாரம். ஆதலின் இதனை விபத்தென்று கூறலாமா? கொல்லும் எண்ணம் இல்லையென்பதை ஏற்றுக்கொண்டாலும் பொறுப்பு நீங்கிவிடாது. நிராயுதபாணிகளாக இருந்த மக்கள் கூட்டத்தின் நடுவே துப்பாக்கியை எடுப்பதற்கு முன், அதனால் விளையக்கூடியவற்றை எண்ணிப்பார்க்கும் கடமை எடுப்பவனுக்கு உண்டு. எண்ணாமையே இங்குக் குற்றம். சாதாரண மனிதனின் கவனமின்மையை மன்னிக்கும் உலகம், ஆயுதம் ஏந்தப் பயிற்றப்பட்டவனிடம் கூடுதலான கவனத்தை எதிர்பார்ப்பது நீதியே.

அன்றைய அரசாங்கம் இந்நிகழ்ச்சி பற்றி விசாரணைக்குழு எதனையும் நியமிக்கவில்லை. ஆதலால் ஓய்வுபெற்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிரெற்சர், வி. மாணிக்கவாசகர் ஆகியோரையும் பேராயர் சபாபதி குலேந்திரனையும் கொண்ட உத்தியோகப்பற்றற்ற குழுவொன்று பொதுமக்கள் சார்பில் சாட்சியங்களைக் கேட்டறிந்து, பொலிசாரின் செயலைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. தண்டிக்கும் அதிகாரமற்ற குழுவின் தீர்ப்பினாற் பயன் யாது எனச் சிலர் வினவக்கூடும். பயன் உண்டு. நிகழ்ந்தது இன்னதென்று சான்றாதாரத்தோடு எழுதி வைப்பதே இறந்தோர்க்குச் செய்யும் முதற் கடன். ஆனால் அது பாதி நீதியே. மறுபாதி அரசின் கையில் இருந்தது, அது வழங்கப்படவில்லை.

வழங்கப்படாத நீதி வெறுமையாகக் கிடப்பதில்லை. அவ்விடத்திற் பழி வந்து குடியேறுகின்றது. மாநாட்டுப் படுகொலையால் உள்ளம் கொதித்த இளைஞருள் ஒருவரான பொன். சிவகுமாரன், அதே ஆண்டு யூன் 5 ஆம் திகதி பொலிசார் சூழ்ந்தபோது நஞ்சருந்தி மாண்டார். அதன்பின் நிகழ்ந்தவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமற் கூறுதல் நம் கடமை. பொதுத்தடி அரசின் கையிலிருந்து வேறு கைகளுக்கு மாறிய காலத்தும் அதனை ஏந்தியோர் எவருக்கும் கணக்குக் கொடுக்கவில்லை. 1990 யூனில் கிழக்கு மாகாணத்திற் சரணடைந்த பல நூறு பொலிசார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவர்களுள் 1974 இன் அந்த இரவோடு தொடர்புடையவர் யார்? பழி ஆளைப் பார்ப்பதில்லை. சீருடையைப் பார்க்கின்றது, இனத்தைப் பார்க்கின்றது. நீதியோ ஆளைப் பார்க்கின்றது, செயலைப் பார்க்கின்றது, சான்றைக் கேட்கின்றது, எதிருரையைச் செவிமடுக்கின்றது. பொறுப்புக்கூறலை வேண்டுவோர் பழியை வேண்டுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு முற்றிலும் தலைகீழானது. பொறுப்புக்கூறல் மறுக்கப்பட்ட இடத்திலேயே பழி தழைக்கின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி 1983 ஆம் ஆண்டிற்குரியது. முந்திய ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பை எதிர்த்து மதகுருமார் அமைப்பொன்று அச்சிட்ட துண்டுப்பிரசுரங்களைப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் கைப்பற்றியமை அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் பெப்ரவரியிலே தீர்ப்பளித்து, 10,000 ரூபா நட்டஈடு வழங்குமாறு பணித்தது. அவ்வாண்டு மார்ச் 8 ஆம் திகதி, அனைத்துலக மகளிர் தினத்தன்று, இடதுசாரித் தலைவி விவியன் குணவர்த்தன கொள்ளுப்பிட்டிப் பொலிஸ் நிலையத்திற் கைது செய்யப்பட்டமை சட்டவிரோதமென யூனில் அதே நீதிமன்றம் கூறிற்று. அடுத்து நிகழ்ந்தவையே நம் கவனத்திற்குரியன. சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் இருவரும் பதவியுயர்வு பெற்றனர். நட்டஈடு பொதுப்பணத்திலிருந்து செலுத்தப்பட்டது. இரண்டாவது தீர்ப்பு வெளியான சில தினங்களில் நீதியரசர்களின் இல்லங்களின் முன் ஒரு கும்பல் கூடி வசைமொழி கூவிற்று. பதவியுயர்வுக்குத் தாமே ஆணையிட்டதாகவும், பொலிசாரின் மனத்திடத்தைப் பேணுதற்கு அது வேண்டியதாயிற்று என்றும் அன்றைய சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன கூறியதை, அனைத்துலகச் சட்டவல்லுநர் ஆணைக்குழுவின் சார்பில் இங்கு வந்த போல் சீகார்ட் 1984 இல் வெளியான தமது அறிக்கையிற் பதிவு செய்துள்ளார்.

மனத்திடம் என்னும் இவ்வாதம் இன்றும் கேட்கப்படுவதாகலின் அதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். தண்டனைக்கு அஞ்சும் காவலன் கடமையைச் செய்யான் என்பது அதன் சாரம். ஒரு நிலையத்திற் பத்துக் காவலர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் கைதியை அடிக்கின்றார், ஒன்பதுபேர் அடிப்பதில்லை. அடித்தவருக்குப் பதவியுயர்வு கிடைக்குமாயின் உயர்வது யாருடைய மனத்திடம்? சட்டத்தைப் பேணி நின்ற ஒன்பதுபேரும் தம் நேர்மையே தமக்குத் தடையென்று கற்றுக்கொள்வர். கோவலனைக் கண்டு தயங்கிய காவலனின் வழித்தோன்றல் அடுத்தமுறை தயங்கமாட்டான். மேலும், நட்டஈட்டைப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பதென்பது, அடிபட்டவனும் ஒரு பங்கு வரி செலுத்தித் தன் காயத்திற்குத் தானே மருந்து வாங்குவதை ஒக்கும். அரசு நட்டஈடு கொடுத்தல் வேண்டாமென்பது நம் கருத்தன்று. பாண்டியன் உணர்ந்தவாறு கோல் அரசினுடையதாதலின் அரசுக்கும் பொறுப்பு உண்டு. ஆயின் அரசின் பொறுப்பு தனியாளின் பொறுப்பை விழுங்கிவிடுமாயின், ஈற்றில் எவருக்கும் பொறுப்பில்லை என்றே ஆகிவிடும்.

நாற்பதாண்டு கழித்தும் இதே வினா மீண்டெழுந்தமை மூன்றாவது நிகழ்ச்சி. 2010 இல் ஒருவர் தடுப்புக்காவலிற் சித்திரவதைக்கு உள்ளாக்கப்பட்டமை தொடர்பாக, தீர்ப்பு வெளியான வேளையிற் பதிற் பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் வேறு உத்தியோகத்தர் சிலரும் பொறுப்பாவர் என 2023 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நட்டஈட்டை அவர்களே செலுத்தவேண்டுமெனவும் பணித்தது. ஆயினும் 2024 பெப்ரவரியில் அவரே பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். இம்முறை கதை அதனோடு முடியவில்லை. அவ்வாண்டு யூலையில் நீதிமன்றம் அவர் அப்பதவியிற் கடமையாற்றுவதை இடைநிறுத்தியது. 2025 ஆகஸ்டிற் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவிநீக்கியது. 1983 இற்கும் 2025 இற்கும் இடையில் உள்ள தூரம் சிறிதன்று. ஆனால் தீர்ப்பு வந்தபின்னும் நியமனம் வழங்கும் துணிவு இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பொறுப்புக்கூறலுக்கு எதிராக எழும் வேறு மூன்று வாதங்களையும் ஆராய்தல் தகும். அடிபட்டவன் குற்றவாளிதானே என்பது முதலாவது. தெருமுனையிலும் தேநீர்க்கடையிலும் மிகுதியாகக் கேட்கப்படுவதும் இதுவே. மனுதாரர் எத்தகைய கொடிய குற்றவாளியாயினும் அரசியலமைப்பின் பாதுகாப்பு அவருக்கும் உரியதென்றும், இல்லையேல் அப்பாதுகாப்பிற்குப் பொருளில்லை என்றும் நீதியரசர் அத்துக்கோரள 1987 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் விளக்கினார். குற்றவாளி யார் என்பதை முடிவுசெய்வதற்கே நீதிமன்றம் உள்ளது. 2002 இல் வத்தளைப் பொலிசார் கொலைவழக்கொன்றில் ஆள்மாறிக் கைதுசெய்த தொழிலாளி ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்டு உயிருக்குப் போராடினார். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அவருக்கு எட்டு இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. ஆனால் 2004 நவம்பரில், மேல் நீதிமன்றத்திற் சாட்சியமளிக்கச் சில நாட்களே இருந்தபோது அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கோவலனின் கதை முடிந்துபோன கதையன்று.

கணநேரத்தில் எடுத்த முடிவை ஆறுதலாக அமர்ந்து ஆராய்வது நியாயமா என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. கத்தியோடு பாய்பவனை எதிர்கொண்ட காவலரின் செயலை அந்தக் கணத்தில் அவர் அறிந்திருந்தவற்றைக் கொண்டே அளத்தல் வேண்டும். பின்னர் நாம் அறிந்தவற்றைக் கொண்டன்று. ஆனால் விலங்கிடப்பட்டவனைப் பூட்டிய அறையில் மணிக்கணக்காகத் தாக்குவது கணநேர முடிவன்று. இவ்விரண்டையும் ஒரே போர்வையால் மூடுவது நேர்மையான காவலருக்கே செய்யும் அநீதியாகும்.

பொய்க் குற்றச்சாட்டுகளும் உண்டன்றோ என்பது மூன்றாவது. உண்டு. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியெனக் கொள்ளப்படும் விதி சீருடை அணிந்தோருக்கும் உரியதே. அதனாலேயே விசாரணை தேவைப்படுகின்றது. அதுவும் பக்கஞ்சாரா விசாரணை. பொலிசாரே பொலிசாரை விசாரித்து விடுவிப்பின், உண்மையிற் குற்றமற்றவரும் ஐயத்தினின்று நீங்கார். தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாதல் கூடாதென்னும் இயற்கை நீதி இருசாராரையும் காப்பது. 2001 இல் 17 ஆவது திருத்தத்தினால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு உருவாக்கப்பட்டமையும் இந்நோக்கிலேயாம். 2016 ஒக்ரோபரிற் கொக்குவில் குளப்பிட்டிப் பகுதியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டபோது, முதலில் அது வீதி விபத்தெனக் கூறப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச்சூட்டுக் காயத்தை வெளிப்படுத்தியது. ஐந்து பொலிசார் கைதாயினர். கண்டதைக் கண்டவாறே எழுதும் மருத்துவர் இல்லையாயின் அது விபத்தாகவே ஏட்டிற் பதிந்திருக்கும். பொறுப்புக்கூறலென்பது பெரிய ஆணைக்குழுக்களில் மட்டும் தங்கியிருப்பதன்று. தம் கடமையை அஞ்சாது செய்யும் சிலரிலும் தங்கியிருக்கின்றது.

இறுதியாக, நம்மை நோக்கியும் ஒரு வினாவைத் தொடுத்தல் வேண்டும். பிடிபட்ட திருடனைத் தூணிற் கட்டி ஊரார் அடிக்கும்போது நாம் எப்பக்கம் நிற்கின்றோம்? நாலு தட்டுத் தட்டினால் உண்மை வரும் என்று சொல்பவர் பொலிஸ் நிலையத்தில் மட்டுமா உள்ளனர்? பல்கலைக்கழகத்தினுள்ளேயே இதற்கோர் உரைகல் உண்டு. 1997 இற் பேராதனையில் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிரிழந்தார். மறு ஆண்டு 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பகிடிவதை செய்வோரிடத்துச் சீருடையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஆயினும் மூத்தவர் என்னும் அதிகாரம், மூடிய அறை, வெளியே சொன்னாற் காட்டிக்கொடுத்தவன் என்னும் பழிச்சொல், கண்டும் காணாதிருக்கும் மேலோர் ஆகிய அனைத்தும் அங்கும் உள. பொலிசாரின் மௌனத்தைக் கண்டிக்கும் நாம் நம் விடுதி அறைகளின் மௌனத்தைக் காப்பாற்றுவோமாயின், நம் கண்டனத்திற்கு அறத்தின் வலிமை இராது.

காவலரின் கோல் இல்லாமல் நாடு இயங்காது. அதனை ஏந்துவோரின் பணி எளிதன்று என்பதையும் நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அக்கோலைத் தந்தவர் கேட்கும்போது கணக்குச் சொல்லும் கடமை அதனோடு கூடவே பிறந்தது. அன்று மதுரையில் ஐயுற்று நின்ற காவலனின் சொல்லைக் கேட்க ஓர் ஆள் இருந்திருப்பின் ஓர் உயிரும் ஒரு நகரும் தப்பியிருக்கும். இன்றைய பொலிஸ் நிலையம் ஒவ்வொன்றிலும் அத்தகைய ஒருவர் இருக்கவே செய்வர். அவர் வாய்திறந்தால் அவரைக் காப்பதற்கு அரசும் நாமும் ஆயத்தமாக உள்ளோமா என்பதே நாம் விடைகூற வேண்டிய வினாவாகும்.